போணி பண்ண வந்த கை

பதினாறு மூங்கில் வளையங்களில் பன்னிரண்டாவதைப் பிடித்து ஓலையைத் தைத்துக்கொண்டிருந்தன தோவாவின் கைகள். தையல் விலகினால் தொப்பி கோணும். ஆகவே அவள் நிமிரவில்லை. நிமிராமலே தெரிந்தது, ஹனோய் சுற்றுலாப் பேருந்திலிருந்து முதலில் இறங்கியது ஒரு கைராசிக்காரர் என்று.

"யாரும் எதையும் தொடாதீங்க! போணி நான் பண்றேன். அப்புறம் பாருங்க இந்தக் கடையை!"

இந்த இனத்தை நீங்கள் அறிவீர்கள். ஒரே நாளில் நான்கு கைத்தொழில் கிராமங்களைச் சுற்றும் பயணத்தில் இவர்கள் வேடிக்கை பார்க்க வருவதில்லை, அருள்பாலிக்க வருகிறார்கள். இவர்கள் தொட்ட பன்றி பதினான்கு குட்டி போட்டது, தொட்ட மீன்கடைக்காரி மூன்று மாடி வீடு கட்டினாள், தொட்ட மருமகளுக்கு இரட்டைப் பிள்ளை. தொட்டு விளங்காமல் போனவை? அவற்றை இவர்கள் தொடவே இல்லையாம். முதலில் இறங்கிய மியென் அம்மாள் இந்த இனத்தின் நல்ல மாதிரி. அவருடைய சொந்தக் கடை ஏன் மூடிக்கிடக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

ஒரு வாரமாக விடாத மழை. கூடத்தில் அடுக்கிய தொப்பிகளில் பூஞ்சை எட்டிப்பார்க்கத் தொடங்கியிருந்தது. இன்றைக்கு வந்த ஒரே பேருந்து இதுதான். அதுவும் அரை மணி நேரம்தான் நிற்கும். பின்னால் இருபது பேர் ஆளுக்கொரு தொப்பியோடு காத்து நிற்க, மியென் அம்மாளோ ஒன்றைப் போட்டு, கழற்றி, இன்னொன்றைப் போட்டு, ஒன்பதாவதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"ஓட்டையா இருக்கே, தங்கச்சி?"

"ஊசி போன வழி, அத்தை. ஊசி போகாம எப்படித் தைக்கிறது?"

"சரி, பாதி விலைக்குக் குடு. ராசி உனக்குத்தானே!"

"ராசியைத் தலையில கவுத்துக்கிட்டா மழை நிக்குமா, அத்தை?"

வரிசையில் ஒரு பெண் தோவாவிடம் மெல்லக் கேட்டாள்: "அக்கா, நான் இதை எடுத்துக்கட்டுமா?"

"பொறும்மா! என் கை முதல்ல படட்டும்!"

ஓட்டுநர் ஹாரனை அழுத்தினார். மியென் அம்மாள் திடுக்கிட்டார். அடுத்துப் போகவேண்டிய பட்டு நெய்யும் ஊரில் வேறு யாராவது போணி பண்ணிவிட்டால்? ஒன்பதாவது தொப்பியைக் குவியலில் எறிந்துவிட்டு ஓடினார்.

வரிசை உறைந்து நின்றது. முதல் ஆள் பேரம் பேசி, வாங்காமல் போனால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்பதை அங்கே பால்குடிப் பிள்ளையும் அறியும். அந்தத் தோஷத்துக்குப் பிறகு முதலில் காசை நீட்ட யாருக்குத் துணிச்சல் வரும்?

தோவா அலட்டிக்கொள்ளவில்லை. பழைய செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி, வாசலில் மூன்று முறை வீசி, காலால் அணைத்தாள். தோஷத்துக்கு மருந்து அவ்வளவுதான்.

"ஆச்சு. வாங்க, வாங்க!"

ஐந்தே நிமிடம். இருபது தொப்பியும் போயின. கூடவே ஆளுக்கொரு ஓலை விசிறியும்.

பேருந்து ஜன்னலில் மியென் அம்மாளின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? நான் கால் வெச்சதுக்கே எனக்குத் தூபம் போட்டா! கூட்டத்தைப் பாருங்க! இதுக்குத்தான் நான் வரணும்கிறது."

மறுநாள் காலை ஆறு மணிக்கு, எந்தப் பேருந்தும் வருமுன்னே, தோவா தன் நாத்தனாரைக் கூப்பிட்டு ஒரு தொப்பியை விற்றுப் போணியை முடித்துவிட்டாள். ஆகவே நீங்கள் அந்தப் பக்கம் போனால் அவசரப்பட்டு முதல் ஆளாக இறங்க வேண்டியதில்லை.

அதுசரி, இதைக் கேட்டதும் உங்கள் முகம் ஏன் வாடுகிறது?