இணைச்சீருக்குப் போன லாரி

என் தம்பி கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில்தான் எங்கள் வீட்டுக்காரருக்கு லாரியின் டீசல் பில்டர் ஞாபகத்துக்கு வந்தது.

அதைப் போன தையிலேயே மாற்றியிருக்க வேண்டும். தை போனது, சித்திரையும் போனது. நேரு காலத்து வண்டி, தக்காளி ஏற்றிக்கொண்டு எங்கள் வடகரப்பதிக்கும் கோயமுத்தூருக்கும் இருமி இருமிப் போய் வந்தது. அப்போதெல்லாம் வராத அக்கறை, வாசலில் சீர்த்தட்டு அடுக்கி வைத்த அன்றைக்கு வந்து சேர்ந்தது.

"ஏனுங்க, இன்னைக்கா அதைக் கழட்டறீங்க?"

"அடைச்ச பில்டரை வெச்சுட்டு நடு வழியில நிக்கச் சொல்றியா? உங்க ஊட்டுக் கல்யாணத்துக்குப் போறதுன்னா வண்டி சுத்தமாப் போகணுமல்ல?"

'உங்க ஊடு' என்ற வார்த்தை இவர் வாயிலிருந்து இவ்வளவு மரியாதையாக வந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. ரொம்பச் சாதுவாக நிற்கிற பெண்தான் மேஜைக்குள் மாங்காய் வைத்திருப்பாள் என்று கான்வெண்டில் எங்கள் சிஸ்டருக்குத் தெரியும். அவரிடம் படித்த எனக்கும் தெரியும்.

விஷயம் இதுதான். அப்பாவும் தம்பியும் கல்யாணத்துக்கு அழைக்க வந்த அன்றைக்கு இவர் தக்காளிக் காட்டில் இருந்தார். அவர்கள் காத்திருந்தார்கள், காப்பி குடித்தார்கள், மறுபடியும் காத்திருந்தார்கள். பிறகு வெற்றிலைத் தட்டை என் கையில் கொடுத்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடினார்கள். மூத்த மாப்பிள்ளையைச் சமையல்கட்டு வழியாக அழைத்துவிட்டார்களாம். கார் பிடித்துத் திரும்பி வந்து, நேரில் நின்று கூப்பிட்டால்தான் போவாராம். இதை வாய்விட்டுச் சொன்னால் கௌரவம் என்ன ஆவது? அதனால் தாம் சொல்ல வேண்டியதை லாரியைவிட்டுச் சொல்ல வைக்கப் பார்த்தார்.

எனக்கோ போயே ஆகவேண்டும். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் அக்காளோ தங்கையோ மணையில் உட்கார்ந்து இணைச்சீர் செய்யாமல் தாலி ஏறாது. தம்பிக்குக் கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான். சீர் அன்று ராத்திரி. ஊர் பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம். வாழைத்தார், தேங்காய் மூட்டை, பித்தளை அண்டா, ஒரு லாரி நிறையப் பெண்கள். பஸ்ஸில் ஏறுகிற கூட்டமா அது?

டீசல் வண்டிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பில்டரைக் கழற்றினால் குழாய்க்குள் காற்று புகுந்துகொள்ளும். அந்தக் காற்றை எடுக்காமல் வண்டி கிளம்பாது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எஞ்சினுக்குப் பக்கத்திலுள்ள கைப்பம்பை அடிக்க வேண்டும். இன்னொருவர் பில்டர் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி வைத்து, நுரை நின்று சுத்த டீசல் வந்ததும் இறுக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து பம்பு என்னுடையது, திருகு இவருடையது. திருகு ஆம்பிளை வேலையாம்.

காற்று இருக்கிறவரை பம்பு தொளதொளவென்று போகும். காற்று போய்விட்டால் கை கனக்கும். அன்று பம்பு இட்லி மாவைத் தொட்ட மாதிரி இருக்கும்போதே, "போதும், நிறுத்து" என்று திருகை இறுக்கிவிட்டார். அப்புறம் மேலே ஏறி ஸ்டார்ட் செய்தார். கர்ர், கர்ர், கர்ர். அமைதி.

"ஏர் லாக்கு" என்றார், டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிற முகத்தோடு. "நானும் என்ன பண்றது? உன்ற தம்பிக்குச் சொல்லியனுப்பு. காரை எடுத்துட்டு வரட்டும்."

"கல்யாண மாப்பிள்ளை காரை எடுத்துட்டு உங்களைக் கூப்பிட வரணுமா?"

"என்னை எதுக்கு? உன்னைக் கூப்பிட."

பக்கத்து வீட்டு மருதாத்தாள் பட்டுச்சேலையும் சீர்த்தட்டுமாக வந்து நின்றாள். இவர் அதற்குள் லாரிக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டார். பெண்கள் கேள்வி கேட்கும்போது ஒளிவதற்கு லாரியைப் போல வசதியான இடம் கிடையாது.

"ஏனக்கா, வண்டி வராதுங்களா?"

"வராதாமா."

"அப்ப இணைச்சீரு?"

நான் குரலை லாரிக்கடி வரைக்கும் எட்டும்படி வைத்துக்கொண்டேன். "அதுக்கென்ன மருதாத்தா? கொழிஞ்சாம்பாறையில எங்க பெரியப்பா மக நாச்சம்மா இருக்காளல்ல. அவளும் அவனுக்கு அக்காதான. அவ உக்காந்து செஞ்சுட்டுப் போறா."

"மூத்த மாப்பிள்ளைக்குத் தலையில கட்டற உருமாலை?"

"சீர் செய்யறவ புருசனுக்குத்தான கட்டுவாங்க? காளிச்சாமிக்கு நல்லா இருக்கும். தலையும் பெருசு."

லாரிக்கடியில் ஸ்பேனர் விழுந்தது.

காளிச்சாமி நாச்சம்மாளின் புருஷன், இவருக்குச் சகலை. டிராக்டர் வாங்கினவர். அந்த டிராக்டர் வந்த நாளிலிருந்து கொழிஞ்சாம்பாறை இருக்கிற திசையில் இவர் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. அந்தத் தலைக்கு உருமாலை என்றால்?

இவர் வெளியே வந்தார். முதுகெல்லாம் மண். "இன்னொருக்கா பம்பு அடிச்சுப் பாக்கலாம் வா."

"எதுக்குங்க சிரமம்?"

"அட, வா புள்ள."

அடித்தேன். இந்தத் தடவை நிஜமாகவே திருகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நுரை வந்தது. நிற்கவில்லை. அடித்தேன், அடித்தேன். அதுபாட்டுக்கு நுரை தள்ளிக்கொண்டே இருந்தது. இவர் முகம் மாறியது. காலையில் வண்டியை வராமல் செய்தவருக்கு இப்போது அது வர மாட்டேன் என்கிறது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வாசலில் பெண்கள் தட்டுகளை மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். உருமாலைப் பேச்சை எறிந்துவிட்டேன், இனி வண்டி நிஜமாகவே கிளம்பாவிட்டால்?

கை வலித்ததில்தான் எனக்கு என் குக்கர் ஞாபகம் வந்தது.

"ஏனுங்க, பழைய பில்டர்ல இருந்த ரப்பர் வளையம் எங்க?"

"அது எதுக்கு இப்ப?"

"எங்கீங்கன்னா?"

"எங்கியாச்சும் விழுந்திருக்கும்."

"விழல. மூடிக்குள்ளயே ஒட்டீட்டு இருக்கும். அதுமேலயே புது வளையத்தை வெச்சு முறுக்கிப்போட்டீங்க. சந்துல காத்து இழுக்குது. என் குக்கர்ல ரெண்டு வளையம் போட்டா சோறு வேகுமா?"

"குக்கரும் லாரியும் ஒண்ணா?"

"ஒண்ணில்லீங்க. குக்கர் சொன்ன நேரத்துக்கு விசிலடிக்கும்."

மருதாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இவர் முறைத்தார். ஆனால் கழற்றினார். மூடியின் பள்ளத்தில் விரலை விட்டுத் துழாவினார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ எடுத்து மடியில் செருகினார். கறுப்பாக, வட்டமாக இருந்தது. என்னவென்று கேட்டால் மறுபடி ஒட்டவைத்தாலும் வைப்பார்; நான் பம்புக்குப் போனேன்.

மூடியை மாட்டினார். அடித்தேன். நுரை வந்தது, குறைந்தது, நின்றது. பம்பு கல் மாதிரி கனத்தது. இவர் திருகை இறுக்கி, மேலே ஏறினார். லாரி ஒரு தரம் தும்மி, மருதாத்தாள் பட்டுச்சேலைமேல் கரும்புகையைக் கக்கிவிட்டுக் கிளம்பிக்கொண்டது.

அத்தனை பெண்களும் தட்டுகளோடு பின்னால் ஏறினார்கள். நான் முன்னால். வழியெல்லாம் இவர் பேச்சு.

"பாத்தியா? மெக்கானிக்கு வந்திருந்தா இன்னைக்கு முழுக்கக் கழட்டிப்போட்டிருப்பான். பொறுமையா ஏர் எடுக்கணும். அது எல்லாருக்கும் வராது."

"வராதுங்க."

"நான் இல்லாட்டி உன்ற தம்பி கல்யாணம் என்னாகறது?"

"ஆமாங்க."

"உருமாலைன்னா அதுக்குன்னு ஒரு தலை வேணும் புள்ள. டிராக்டர் வாங்கினவனுக்கெல்லாம் கட்டறதா?" கண்ணாடியில் பார்த்துத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார். அழைப்பு, வெற்றிலைத் தட்டு, கார் எல்லாம் எந்த ஊரில் இறங்கிக்கொண்டன என்று தெரியவில்லை.

கொழிஞ்சாம்பாறை முக்கில் ஒருவர் சாலைக்கு நடுவில் வந்து இரண்டு கையையும் ஆட்டினார். காளிச்சாமி. ஓரத்தில் டிரங்குப் பெட்டிமேல் நாச்சம்மாள். பக்கத்தில் ஒரு வாழைத்தார். தாரையும் சேர்த்து மூன்று பேரும் வெயிலில் வாடிப்போயிருந்தார்கள்.

இவர் வண்டியை நிறுத்தினார்.

"ஏனக்கா இத்தனை நேரம்?" என்றாள் நாச்சம்மாள். "உங்க லாரியிலயே ஏறிக்கலாம்னு அன்னைக்கே சொன்னயேன்னு காலையில இருந்து இங்கயே நிக்கறோம்."

காளிச்சாமி ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். "உங்க லாரி வராம நாங்க எப்படிங்ணா கல்யாணத்துக்குப் போறது?"

இவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"எஞ்சினை அணைச்சுப்போடாதீங்க" என்றேன். "மறுபடி யாரு பம்பு அடிக்கறது?"