பூட்டு ரைட்டரின் திறந்த கம்ப்யூட்டர்

சேர்வராயன் மலையில் பூட்டு ரைட்டரைப் போல ஒரு சந்தேகப் பிராணி இதுவரை பிறந்ததில்லை. காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கொட்டச்சேடு கிராமத்தில் வீடு. கேட்டுக்குப் பூட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பூட்டு. மரத்தில் தொங்கிய பலாக்காயைக்கூடச் சாக்கில் கட்டிச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார். வணக்கம் சொன்னால், "எதுக்குங்க சொல்றீங்க?" என்பார்.

வெளியூரில் வேலை பார்த்த மகளிடம் முகம் பார்த்துப் பேசுவதற்காகக் கம்ப்யூட்டர் வாங்கினார். ஏற்காட்டில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நான்தான் போய் இன்டர்நெட் இணைப்புக் கொடுத்தேன்.

"பாஸ்வேர்டு போட்டுரலாமுங்களா?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "போட்டா அது உங்களுக்குத் தெரிஞ்சு போயிருமல்லங்க தம்பி?"

வேண்டாமென்றுவிட்டார். கம்ப்யூட்டரை மர அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். உள்ளே அது நாள் முழுக்க நெட்டில் திறந்தே கிடந்தது.

மகளுக்குச் சேலத்தில் மாப்பிள்ளை நிச்சயமான சமயம். ரைட்டர் பெயரில் அவருக்குத் தெரிந்த எல்லோருக்கும் ஒரு மெயில் போனது: 'தொப்பையைக் கரைக்கும் அதிசய மாத்திரை! உங்களுக்காகவே!' சம்பந்தியம்மாவுக்கும் போனது. அவர் கொஞ்சம் பூசினாற்போல இருப்பார். அன்றிலிருந்து அவர் போனை எடுக்கவில்லை. மகள் அழுதாள்.

ரைட்டர் நேரே என் கடைக்கு வந்தார். "உண்மையைச் சொல்லுங்க. பக்கத்து ஊட்டுக்காரனா, நீங்களா?"

"ஊட்டுக்குள்ள ஆரும் வரலீங்க. பாஸ்வேர்டு இல்லாததால, எங்கியோ உக்காந்திருக்கிறவன் நெட்டு வழியா பூந்துட்டானுங்க. உங்க மெயில், போட்டோ எல்லாமே அவனுக்குத் திறந்து கிடந்திருக்குது."

ரைட்டர் இடிந்துபோய் உட்கார்ந்தார். "மூஞ்சியே தெரியாதவனை நான் எப்படிங்க சந்தேகப்படறது?"

மறுநாளே என்னைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினார். நடந்ததை நான் விளக்கியும் சம்பந்தியம்மாவின் முகம் இளகவில்லை.

"அப்ப நான் குண்டுன்னு நீங்க சொல்லலீங்களா?"

"அய்யோ, எங்க பாதிரியாருக்கும் அதே மாத்திரைதானுங்க போயிருக்குது! அவரு கொடிக்கம்பம் மாதிரி இருப்பாருங்க!"

அந்தம்மா குலுங்கிச் சிரித்தார். உள்ளேயிருந்து காபி வந்தது.

ஊர் திரும்பியதும் பாஸ்வேர்டு போட்டார். என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தலையோடு கம்பளி போர்த்திக்கொண்டு உள்ளே தட்டிக்கொண்டிருந்தார்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் என்னைத் தூணோரம் தள்ளிக்கொண்டு போனார். நாலு பக்கமும் பார்த்துவிட்டு, என் காதில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதுதான் பாஸ்வேர்டு.

"எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, பாப்பா போட்டோவெல்லாம் எடுத்துக் குடுக்க ஒரு ஆளு வேணுமல்லங்க?"

அந்த வார்த்தையை இன்றுவரை நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.