பகல் ஷிப்டுக்கு வந்த எட்டுக்கால் பூச்சி

என் மத்தியானத் தூக்கத்தை மீட்டே தீருவது என்று போன மாதம் சபதம் எடுத்தேன். சத்தம் போட்டு எடுக்கவில்லை. மனசுக்குள்தான். பெண்டாட்டி பக்கத்தில் இருந்தாள்.

என் பெயர் நைனா முகம்மது. கோவளத்தில் மீன் வலைக்கடை. மத்தியானம் கடையை மூடி, வீட்டுக்கு வந்து, மீன் குழம்பை ஒரு கை பார்த்து, ஏசி ரூமில் கட்டையாகக் கிடப்பேன். நான் உழைப்பதே அதற்காகத்தான்.

அதில் மண்ணைப் போட்டவன் மச்சினன் தௌசிஃப். என் மனைவி ஷஹர்பானுவின் தம்பி. நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அமெரிக்காக்காரன் முழித்திருக்கும்போது இவனும் முழித்திருக்க வேண்டுமாம். ஒரு வாரம் தங்குகிறேன் என்று வந்தவன் ரம்ஜானையும் பக்ரீத்தையும் எங்களோடு கொண்டாடிவிட்டான். ராத்திரி ஆபீஸ். பகலெல்லாம் என் ஏசி, என் கட்டில். ஜன்னலுக்குப் போர்வை கட்டி ரூமைக் கும்மிருட்டாக்கிவிட்டுத் தூங்குவான். நான் ஹாலில், தரையில், ஈயோடு.

ஒருநாள் குளியலறையிலிருந்து அலறிக்கொண்டு ஓடிவந்தான். துண்டு கூடவே வந்தது அல்லாஹ்வின் கருணை.

"மச்சான்! எட்டுக்கால் பூச்சி மச்சான்! சுண்டுவிரல் நகம் சைஸ் கீது!"

நகத்துக்கே இந்தக் கூத்தா? ஏசி ரூம் பீரோவுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று குடியிருக்கிறதே! அடிக்கப் பானு விட மாட்டாள். "நபிகளைக் காப்பாத்தக் குகை வாசல்ல வலை கட்டுன இனங்க அது. கை வெச்சீங்க, அவ்ளோதான்" என்பாள். இது வலையே கட்டாது, சுவரில் ஓடிக் கரப்பான் பிடிக்கிற ரகம் என்றால் காதில் வாங்க மாட்டாள்.

அது ஒரே ஒரு தரம் தௌசிஃபுக்குத் தரிசனம் கொடுத்தால் போதும். பையன் பெட்டியைக் கட்டிவிடுவான். ஆனால் அது ராத்திரியில்தான் வெளியே வரும். அப்போது தௌசிஃப் ஆபீஸில். விடிந்தால் பீரோவுக்குப் பின்னால் போய்விடும். அப்போது தௌசிஃப் கட்டிலில். பூச்சியும் நைட் ஷிப்ட், மச்சினனும் நைட் ஷிப்ட்!

பக்கத்து வீட்டு ஸ்டான்லி சார், ஒரு காலேஜில் விலங்கியல் வாத்தியார். நைசாகக் கேட்டேன்.

"பகல்லயும் அந்த ரூமு இருட்டாத்தானே கீது சார். ஏன் வர மாட்டேங்குது?"

"இருட்டைப் பாத்து ஏமாறாது பாய். உடம்புக்குள்ளயே கடியாரம் கீது. சுவத்துல குட்டியா ஒண்ணு குதிக்கும் பாருங்க, அது டே ஷிப்ட். உங்க வூட்டுது நைட்டு."

"ஷிப்ட் மாத்த முடியாதா?"

"ராத்திரி பூரா லைட்டு எரியணும், பகல்ல இருட்டு இருக்கணும். கொஞ்சம் கொஞ்சமா மாறும்."

பகல் இருட்டு மச்சினன் உபயம். ராத்திரி வெளிச்சம் என் பொறுப்பு. அன்றே ட்யூப்லைட்டைப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

"இன்னாங்க, லைட்டை அணைக்கல?"

"கெட்ட கனவா வருது பானு."

"இன்னா கனவு?"

"உன் தம்பி இங்கியே தங்கிடற மாதிரி."

"அது கனவு இல்லியே" என்றவள், மகள் ஜன்னாவைத் தூக்கிக்கொண்டு சின்ன ரூமுக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் ராத்திரி ராத்திரி சிவராத்திரி. கண்ணை மூடினாலும் வெளிச்சம் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. கடையில் தூங்கி வழிந்தேன். நண்டு வலை கேட்டவருக்குக் கொசு வலையைக் கொடுத்தேன். அது விற்பனைக்கே இல்லை, வீட்டுக்கு வாங்கி வைத்தது.

ஒருநாள் மத்தியானம் வாயில் வஞ்சிரத்தை வைத்தேன். உள்ளே ஒரு அலறல். தௌசிஃப் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து ஹாலில் விழுந்தான்.

"நடு சுவத்துல மச்சான்! எட்டு கண்ணாலயும் என்னியே மொறைக்குது!"

எட்டுக் கண்ணும் விட்டெரிய வாழ்வது என்றால் அதுதான்! சிரிப்பை வஞ்சிரத்தோடு சேர்த்து முழுங்கினேன்.

"அடப்பாவமே. பகல்லயே உலாத்துதா? நீ எப்படிப்பா இங்க தூங்குவ? வேற ரூமு பாத்துக்கோ."

பானு நிதானமாக எனக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

"எதுக்கு? பகல்ல வந்தா ராத்திரி வராதுல்ல? தௌசிஃபு, ஆபீஸ்ல கேக்கச் சொன்னேனே, இன்னா ஆச்சு?"

"டே ஷிப்ட் குடுத்துட்டாங்கக்கா. நாளைலேர்ந்து."

மீன் தொண்டையில் நின்றது.

"அப்ப ராத்திரி ஏசி ரூமு அவனுக்கு. மத்தியானம் உங்களுக்கு. அதுக்குத்தானே ஆசைப்பட்டீங்க?"

திறந்த கதவு வழியே பார்த்தேன். என் தலையணைக்கு நேர் மேலே, சுவரில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. எனக்குப் பயம் கிடையாது. வியர்த்தது வெயிலுக்கு. கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"ராத்திரி லைட்டை அணைச்சா அது பழையபடி ராத்திரிக்கே மாறிடும் தம்பி!"

"அணைக்கிறதா? ஆயுசுக்கும் அணைக்க மாட்டேன் மச்சான்!"

பானுவின் காதோரம் குனிந்தேன்.

"பூச்சி விஷயம் உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ஸ்டான்லி சார் சம்சாரம் அனு அன்னிக்கே சொல்லிடுச்சு. அன்னிக்கே தம்பிய ஷிப்ட் மாத்திக் கேக்கச் சொல்லிட்டேன். காரணம் சொல்லல."

"அன்னிக்கே தெரியுமா? அப்ப நான் தெனம் கொட்டக் கொட்ட முழிச்சுகினு கெடந்தேனே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க முழிச்சுகினு இருந்ததாலதான் குறட்டை வரல. கல்யாணமானதுலேர்ந்து இப்பத்தாங்க நான் நிம்மதியா தூங்கறேன். நாளைக்கு ஹால்லயும் லைட்டைப் போட்டுகினே படுங்க."