மஞ்சள் வளையத்தில் இடப்புறம் திரும்பவும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் இங்கே நலம் என்று எழுதிவிட்டு, அது முழுக்கச் சரிதானா என்று யோசித்து, முன்னால் 'ஏறக்குறைய' என்று ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறேன். தங்கள் நலமும், சம்பந்தி அம்மாளின் முழங்கால் நலமும், தங்கள் மருமகளாகிவிட்ட என் மகள் நலமும், மாப்பிள்ளை நலமும், தங்கள் பதிப்பகத்தின் நலமும் அறிய ஆவல். கடைசியில் சொன்ன நலத்துக்கு என்னால் ஏதும் குறை வந்துவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

பணிவான வேண்டுகோள் இரண்டு. ஒன்று, நான் எழுதி நீங்கள் வெளியிட்ட வனப் பூங்கா வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பை அச்சுக்கு அனுப்பாமல் நிறுத்திவைக்கவும். மற்றது, வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நண்பர்களோடு வேன் பிடித்து வருவதாகச் சொன்னீர்களே, தயவுசெய்து வர வேண்டாம். பெண்ணைக் கொடுத்தவர் வராதே என்று எழுதுகிறாரே என்று சம்பந்தி அம்மாள் மனம் நோகக் கூடாது. வீட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம். காட்டுக்குத்தான் வரக் கூடாது. காரணத்தை வரிசையாகச் சொல்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். கம்பி பிரஷ் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வலிக்கிறது. அது பின்னால் வரும்.

வன அலுவலகத்தின் ஆண்டறிக்கைகளுக்குப் பிழை திருத்தியே ஓய்வு பெற்றவன் நான் என்பது தங்களுக்குத் தெரியும். காட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் காகிதத்தில் தெரிந்தது. நீங்கள் கேட்டபோது வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சம்பந்தி முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? எழுதினேன். காடு வளர்ப்பின் வரலாறு பத்து அத்தியாயம், பூங்காவில் நடப்பதற்கான வழி ஒரு அத்தியாயம். மலை முழுக்கக் கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் வெட்டப்பட்டு மொட்டையாய்க் கிடந்ததும், முதல் வன அதிகாரி வந்து கயிறு பிடித்து நேர்க்கோட்டில் கன்று நட்டதும், ஊரே கூடிச் சிரித்ததும், அவர் நட்ட முதல் கன்றின் நுனியை அன்றைக்கே ஓர் ஆடு கடித்துவிட்டதும், அதனால் அது இரண்டாகக் கவைத்துக் கோணலாக வளர்ந்ததும், கோணல் மரம் பலகைக்கு ஆகாது என்று எல்லோரும் விட்டுவைத்ததால் அந்த முதல் வரிசையில் அது ஒன்று மட்டும் இன்றைக்கும் நிற்பதும் எல்லாம் விவரமாக எழுதியிருந்தேன். அந்த முதல் மரம்தான் நம் புத்தகத்தின் அட்டையில் இருப்பது. பத்து அத்தியாயத்தையும் நீங்கள் அரைப் பக்கமாக்கினீர்கள். நெருக்கமாக நிற்கிற மரங்களில் சிலவற்றை வெட்டினால்தான் மற்றவை பருக்கும் என்று நானே எழுதியிருப்பதால் அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவிதான் சொன்னாள். அதை இங்கே எழுதவில்லை.

சிக்கல் வழி அத்தியாயத்தில் தொடங்கியது. வழி எழுத வேண்டுமானால் ஒருமுறையாவது நடந்து பார்க்க வேண்டும் அல்லவா? மனைவியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். கயிறு பிடித்து நட்ட காடு, எந்த மரத்தைப் பார்த்தாலும் முந்தின மரத்தின் அண்ணன் தம்பி மாதிரியே இருக்கிறது. எங்கே திரும்பு என்று எதைக் காட்டிச் சொல்வது? திகைத்து நின்றபோது ஒரு மரத்தில் இடுப்பு உயரத்தில் மஞ்சள் பெயிண்டில் வளையம் போட்டிருப்பதைப் பார்த்தேன். கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. பார்வையாளர்கள் வழி தவறாமல் இருக்க வன இலாகா எவ்வளவு அக்கறையோடு குறி போட்டிருக்கிறது என்று மனைவியிடம் வியந்து சொன்னேன். 'மஞ்சள் வளையத்தில் இடப்புறம் திரும்பவும்', 'அடுத்த மஞ்சள் வளையத்தில் வலப்புறம்' என்று அத்தியாயம் தானாகவே ஓடிவிட்டது. அந்த வளையம் எதற்கு என்று ரேஞ்சரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் வேலையாக இருந்தார். தொந்தரவு செய்ய மனம் வரவில்லை.

புத்தகம் வந்தது. வாசகர்களும் வந்தார்கள். மஞ்சள் வளையம் இருந்த இடத்தில் எல்லாம் அடிமரக் கட்டை இருந்தது. ஆமாம் சம்பந்தி, மஞ்சள் வளையம் வெட்ட வேண்டிய மரத்துக்குப் போடுகிற குறி. இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் என்னவென்றால், நீங்கள் நீக்கிய ஆறாவது அத்தியாயத்தின் தலைப்பே 'வெட்டுக்குரிய மரங்களை அடையாளமிடல்'. அந்தக் காலத்தில் சுத்தியலால் முத்திரை அடிப்பார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியவன் நான். என் வரலாறு சுத்தியலோடு நின்றுவிட்டது, பெயிண்டுக்கு வந்து சேரவில்லை. அந்த அத்தியாயத்தை நீங்கள் நீக்கியது சரிதான். எழுதிய எனக்கே அது உதவவில்லை.

ஆனால் இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது, யாரோ தப்பான மரங்களை வெட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வாசகர்கள் எல்லோரும், எங்கே தொடங்கினாலும், ரேஞ்சர் குவார்ட்டர்ஸின் பின்கட்டில், துணி காயப் போடுகிற இடத்தில் போய் நிற்பதாகச் செய்தி வந்தது. ஓய்வு பெற்ற ஒரு மேனேஜர் குடும்பத்தோடு அங்கே போய், இதுதான் புத்தகத்தில் சொன்ன காட்சி முனை என்று ஈரப் போர்வையை விலக்கிப் பார்த்தாராம். எனக்கு அவமானம் தாங்கவில்லை. புத்தகத்தை மாற்ற முடியாது, காட்டையாவது மாற்றலாம் என்று தோன்றியது. கடைக்குப் போய் மஞ்சள் பெயிண்டும் பிரஷும் வாங்கினேன்.

"எங்க கிளம்பிட்டீங்க டப்பாவும் கையுமா?" என்றாள் மனைவி.

"காட்டுக்கு."

"ஊர்ல அவனவன் வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பான். நம்ம வீட்டு ஜன்னல் துருப்பிடிச்சுக் கிடக்கு. காட்டுக்கு அடிக்கப் போறீங்களாக்கும்" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினாள். என்னைத் தனியாகக் காட்டுக்கு அனுப்ப அவளுக்குப் பயம். எனக்கும்தான்.

கட்டைகளுக்குப் பக்கத்தில் நின்ற மரங்களில் ஒவ்வொன்றாக வளையம் போட்டோம். நான் எதையும் அரைகுறையாகச் செய்து பழகாதவன். நூல் பிடித்து, மட்டம் பார்த்து, சொட்டு வழியாமல் போட்டேன். கடைசியாக வாசல் பக்கத்து முச்சந்தி. அங்கே கட்டைக்குப் பக்கத்தில் நின்றது ஒரே மரம். அட்டைப்பட மரம். முதல் மரம். எனக்குக் கை வரவில்லை. மெல்லிசாக, பார்த்தும் பார்க்காத மாதிரி ஒரு கோடு போட்டேன்.

"அடிக்கறதுதான் அடிக்கிறீங்க, கண்ணு தெரியாதவனுக்கும் தெரியற மாதிரி அடிங்க. இல்லேன்னா அந்த ரேஞ்சர் வீட்டுப் பொம்பள மறுபடியும் போர்வையத் தொவைக்கணும்" என்றாள். நியாயமாகப் பட்டது. இன்னும் இரண்டு பூச்சு கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை பெயிண்ட் காய்ந்ததா என்று பார்க்க நாங்கள் இருவரும் போனபோது, முதல் மரத்தடியில் நாலைந்து பேர் மிஷின் ரம்பத்தோடு நின்றார்கள். மரம் வெட்டும் மேஸ்திரி, தலையில் துண்டு கட்டியவர், என் வளையத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருடா இது மார்க் போட்டது? என் சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமான மார்க்க நான் பார்த்ததே இல்ல. இந்த மாதிரி ஆள் ரெண்டு பேர் இருந்தா போதும், வெட்டறவனுக்கு வேலையே லேசு."

வெட்டறவனுக்கு. அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"கோணல் மரம்ணே, வெறகுக்குத்தான் ஆகும்" என்றான் ஒருவன்.

"மார்க் இருக்கில்ல? இருந்தா எடுக்கணும். மிஷினை ஸ்டார்ட் பண்ணு."

ஆடு கடித்தும் பிழைத்த மரம், சம்பந்தி. முதல் வன அதிகாரியின் கை பட்டு உயிரோடு மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அதை ஒழிக்க ஆட்டால் முடியவில்லை, புயலால் முடியவில்லை, நான் ஒரு டப்பா பெயிண்டில் முடித்துவிட்டேன். ரம்பம் உறுமியது. நான் மரத்துக்கும் ரம்பத்துக்கும் நடுவில் போய் நின்றேன். தைரியம் என்று நினைத்துவிட வேண்டாம். பின்னால் நகர நினைத்தேன், கால் தப்பான பக்கம் நகர்ந்துவிட்டது.

"என்ன பெருசு? என்ன வேணும்?"

கையில் இருந்த நம் புத்தகத்தை நீட்டினேன். மேஸ்திரி வாங்கிப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

"அடேய், ஆபீஸ்ல திருந்திட்டாங்கடா! இந்தத் தடவை வெட்டற மரத்தையெல்லாம் புக்காவே பிரிண்ட் போட்டு அனுப்பியிருக்காங்க. எந்த மரம், எந்தப் பக்கம் திரும்பணும், எல்லாம் வரிசையா இருக்கு. மிஷினை ஆஃப் பண்ணு. முதல்ல என்ன போட்டிருக்கு... 'கவைத்து நிற்கும் முதல் மரத்தை யாரும் தொட வேண்டாம். இடப்புறம் திரும்பவும்.' கேட்டுக்கிட்டீங்களா? இதைத் தொடாதீங்க. இடது பக்கம் வாங்கடா!"

போனார்கள். நாங்களும் பின்னால் ஓடினோம். சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் வாயைத் திறந்தேன். மேஸ்திரி படித்துக்கொண்டிருந்தார். படிக்கிறவரை இடைமறித்து எனக்குப் பழக்கமில்லை. நல்லவேளை, புத்தகம் சொன்னபடி திரும்பியதில் அவர்கள் கண்ணில் அதன் பிறகு ஒரு மஞ்சள் வளையம்கூடப் படவில்லை. வெயில் ஏறியது, ரம்பம் கனத்தது. கடைசியில் புதரை விலக்கிக்கொண்டு வெளியே வந்தால், ரேஞ்சர் வீட்டுப் பின்கட்டு. மேஸ்திரியின் தலையில் ஈரப் பாவாடை.

ரேஞ்சர் மனைவி துடைப்பத்தோடு வந்தார். "வாங்க, வாங்க. இன்னிக்கு ரம்பத்தோட வந்திருக்கீங்களா? நான் இங்க துணி காயப் போடறதா, இல்ல வாசல்ல உக்காந்து டிக்கெட் கிழிக்கறதா?"

சாப்பிட வந்த ரேஞ்சர் புத்தகத்தைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதல் மரத்தில் வளையம் போட்டது யார் என்றார். மேஸ்திரி, "யாரோ கைதேர்ந்தவர் சார்" என்றார். என் மனைவி முன்னால் வந்து, "எங்க வீட்டுக்காரர்தான். ரொம்பப் பொறுப்பா அடிச்சாரு, மூணு பூச்சு" என்றாள். ரேஞ்சர் கவிழ்த்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார். நல்ல மனிதர். கோபப்படவில்லை. "சார், ஒரு சந்தேகம். வழி எல்லாம் ஏன் எங்க வீட்டுக்கே வருது?" என்று மட்டும் கேட்டார்.

"எப்படி வராம இருக்கும்?" என்றாள் மனைவி. "இவரு வழி எழுத வந்த அன்னிக்குப் பாதிக் காட்டைப் பின்பக்கமா நடந்தாரே. பின்னால ஏதாவது வருதான்னு பாக்கணுமாம். இவருக்கு இடதுன்னா நடக்கறவனுக்கு வலது."

அது உண்மை. எனக்குமே அப்போதுதான் உறைத்தது.

முதல் மரம் பிழைத்தது. நான் போட்ட வளையங்களை நானே சுரண்டிவிட வேண்டும் என்று ரேஞ்சர் ஒரு கம்பி பிரஷ் கொடுத்தார். நான் பூசியதை எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன், நல்ல பெயிண்ட். ஆகவே, சம்பந்தி, அந்த நூலை விட்டுவிடுங்கள். இனி காட்டைப் பற்றி ஒரு வரியும் எழுத மாட்டேன். எந்த மரத்திலும் எதையும் பூச மாட்டேன். என் பெயரை வேண்டுமானால் பிழை திருத்தியவர் என்று எங்காவது கடைசிப் பக்கத்தில் போடுங்கள், அதுவும் தங்களுக்குச் சங்கடமில்லை என்றால்.

மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வணக்கம். சம்பந்தி அம்மாளின் முழங்காலுக்கு என் மனைவி தனியாக விசாரிப்பு சொல்லச் சொன்னாள்.

தங்கள் அன்பை இழந்துவிடாமல் இருக்க விரும்பும்,
சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன், கடைசி வளையத்தைச் சுரண்டிவிட்டு வரலாம் என்று இன்று காலை காட்டுக்குப் போனேன். மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். இரண்டாம் பதிப்பை உடனே அச்சுக்கு அனுப்பலாம். வழி நெடுக மரங்களில் வெள்ளைப் பெயிண்டில் பெரிய பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். மஞ்சளைவிடப் பளிச்சென்று தெரிகிறது. 'மஞ்சள் வளையம்' என்று வரும் இடமெல்லாம் 'வெள்ளைப் பெருக்கல் குறி' என்று மாற்றினால் போதும். இடது வலதை என் மனைவி சரிபார்த்துவிட்டாள். இந்தக் குறி எதற்கு என்று ரேஞ்சரிடம் கேட்கத்தான் போனேன். அவர் லாரிக்காரர்களோடு மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார். தொந்தரவு செய்ய மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு அவசியம் வரவும். முதல் மரத்தில் மட்டும் குறி போட மறந்துவிட்டார்கள். பாவம், அவர்களுக்கு எத்தனை வேலையோ. அதை நானே போட்டுவிட்டேன். மூன்று பூச்சு.