டம்ளரில் போட்ட கோடு

மனிதர்களில் 'இன்னும் கொஞ்சம் தள்ளி' என்று ஓர் இனம் இருக்கிறது. கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. குரூப் போட்டோவுக்கு எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க, "நீங்க கொஞ்சம் இடது பக்கம், நீங்க அரையடி பின்னாடி" என்று கால் மணி நேரம் ஆட்டிவைத்து, கடைசியில் பாதிப் பேர் கண்ணை மூடியிருக்கும் சமயமாகப் பார்த்துப் பொத்தானை அழுத்துகிறவர் இந்த இனம். கூட்டம் தொடங்கும் முன் நாற்காலி வரிசையை நேராக்குகிறேன் என்று இறங்கி, பேச வந்தவர் பேசி முடித்து வீட்டுக்குப் போன பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிமிர்கிறவரும் இவர்தான். கெட்டவர்களா? இல்லை. கெட்டவர்களாக இருந்தால் எதிர்த்து நின்றுவிடலாம். இவர்கள் எதையும் நம் நன்மைக்காகவே செய்கிறார்கள். அதுதான் தலைவலி.

ஆபீசில் பார்த்திருப்பீர்கள். வீட்டில் பார்த்திருப்பீர்கள். கேம்பர்வேனுக்குள் பார்த்திருக்கிறீர்களா? படுக்கை, அடுப்பு, குட்டி ஃபிரிட்ஜ், மேல்நோக்கித் திறக்கும் பின்கதவு, இத்தனையும் ஒரு வேனுக்குள். அதற்குள் இந்த இனத்தில் ஒருவரை உட்கார வைத்து, முன்பின் பார்த்திராத ஊர்ப்பக்கம், கடற்கரைப் பக்கம் என்று ஆறு நாள் அனுப்பிவைத்தால் என்ன நடக்கும்? இதுதான் நடக்கும்.

நம்ம ஆள் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் சூப்பிரண்டு. சுவர்க் காலண்டர் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் சோறு இறங்காது. அவருடைய அக்கா அவருக்கு வைத்த பெயர் ரசமட்டம். கொத்தனார் தரையின் மட்டம் பார்க்கும் கருவிதான். நாமும் அப்படியே கூப்பிடுவோம். அக்கா பஸ்ஸில் இருபத்தெட்டு வருஷம் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்றாகிவிட்டது. குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

ரசமட்டத்தின் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவர். கீழ்த்தளம். ஆவி உண்டு, இரைச்சல் உண்டு, ஜன்னல் கிடையாது. பத்தொன்பது வருஷமாக அவருக்கு வானிலை தெரிய வேண்டுமென்றால் மேலேயிருந்து வரும் ஆளின் சட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு மனு கொடுத்து, மூன்று பேர் கையெழுத்து வாங்கி, சேர்ந்தாற்போல் ஆறு நாள் விடுப்பு பெற்றிருந்தார். வேன் வாடகைக்கு விடும் கம்பெனியின் துண்டுப் பிரசுரத்தில் ஒரு படம்: பின்கதவு தூக்கியிருக்கிறது, ஒரு பெண் காலைத் தொங்கப் போட்டு டீ குடிக்கிறாள், எதிரே கடல். அந்தப் படத்தைத் தன் அலமாரிக் கதவில் ஒட்டி மூன்று மாதம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இது ஒண்ணு போதுங்க. பின்கதவத் தெறந்து வச்சு, கடலப் பாத்துக்கிட்டு ஒரு டீ. வேற எதுவும் கேக்கல."

"அவ்வளவுதானே?" என்றார் ரசமட்டம். மனசார நினைத்துத்தான் சொன்னார். இந்த இனத்தார் பொய் சொல்வதில்லை.

வண்டியை எடுக்கும்போது சாவி கொடுத்தவர் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். "சமதரையா பாத்து நிறுத்துங்க சார். சாஞ்சு நின்னா ஃபிரிட்ஜ் சரியா ஓடாது." அவர் நூறு பேருக்குச் சொல்கிற வார்த்தை. தொண்ணூற்றொன்பது பேர் கேட்டார்கள், மறந்தார்கள். ரசமட்டம் ஒரு கண்ணாடி டம்ளர் எடுத்து, மார்க்கர் பேனாவால் சுற்றிலும் ஒரு கோடு போட்டு, கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றி, டேஷ்போர்டில் வைத்தார். தண்ணீர் எல்லாப் பக்கமும் கோட்டைத் தொட்டால் அது நிறுத்துமிடம். தொடாவிட்டால் அது வெறும் இயற்கைக் காட்சி.

முதல் நாள் மேய்ச்சல் நிலம், நடுவில் ஏரி, கரையில் மரநிழல். இறங்கினார்கள். அதாவது, மனைவியும் கூட வந்திருந்த அக்காவும் இறங்கினார்கள். ரசமட்டம் நாலு சக்கரத்துக்கும் பலகை வைத்து, ஆப்புக்கட்டை செருகி, வண்டியை ஏற்றி, டம்ளரைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, இறக்கி, கட்டையை மாற்றி, மறுபடி ஏற்றினார். டிராக்டரில் போன விவசாயி ஒருவர் நிறுத்தினார்.

"என்ன சார், பஞ்சரா?"

"இல்லீங்க. மட்டம் பாக்கறேன்."

"எதுக்கு?"

"வண்டிய நிறுத்தறதுக்கு."

"நின்னுக்கிட்டுத்தானே இருக்கு?" அவர் வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். எதையும் கண்டுபிடிக்க முடியாமல் டிராக்டரில் ஏறிப் போனார். போகிற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

"இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா நல்ல இடமா இருக்கும்" என்றார் ரசமட்டம். ஏரி பின்னால் போனது.

இரண்டாம் நாள் கடல் வந்தது. மனைவி பிரசுரத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இங்கே ஒரு சின்ன விஷயத்தை யோசித்துப் பாருங்கள். கடற்கரை என்றால் என்ன? நிலம் கடலைப் பார்த்துச் சரிகிற இடம். சரியாவிட்டால் அது கரை இல்லை, மொட்டை மாடி. உலகம் முழுக்க இதுதான் ஏற்பாடு. மாற்றச் சொல்லி மனு கொடுக்க ஆபீசும் இல்லை. ரசமட்டம் ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தினார். ஒவ்வொரு வளைவிலும் டம்ளர் தண்ணீர் கோட்டைவிட்டு இறங்கி நின்றது. கடைசியில் ஒரு வங்கிக் கிளையின் பின்புறம் சிமெண்ட் தரை கிடைத்தது. கோட்டுக்குக் கோடு, தண்ணீர் கச்சிதம். பின்கதவைத் திறந்தார்கள். எதிரே ஜெனரேட்டர்.

"டீ போடட்டுமா அண்ணி?" என்றார் மனைவி.

"போடும்மா. ஜெனரேட்டரையும் ஒரு தடவ பாத்துக்குவோம்" என்றார் அக்கா.

மூன்றாம் நாள் ஓடாத பெட்ரோல் பங்க். நான்காம் நாள்தான் உச்சம். கடலிலிருந்து நாலு மைல் தள்ளி, வயலுக்கு நடுவே, ரசமட்டம் வாழ்நாளில் கண்டிராத சமதரை ஒன்று கிடைத்தது. இரும்புத் தகடு. டம்ளரில் தண்ணீர் அசையவே இல்லை. "பாத்தியா? பொறுமையா தேடினா கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு, வெற்றிபெற்ற மனிதராகத் தூங்கிப் போனார். விடிந்து மனைவி காலாற நடக்கலாம் என்று இறங்கியதும், பக்கத்துக் கூண்டிலிருந்து ஒலிபெருக்கி பேசியது.

"சார், வேன்காரரே. உங்க வண்டியில அறுபத்தெட்டு கிலோ குறையுது. சரக்கா, ஆளா?"

லாரி எடைமேடை. பின்னால் நெல் ஏற்றிய லாரிகள் ஏழு வரிசையில் நின்றன. அறுபத்தெட்டு கிலோ, சீப்பும் கையுமாக அந்த ஏழு லாரிக்காரர்கள் முன்னால் நின்றது.

"இப்ப ஒரு எண்பத்திரண்டு எறங்கப் போகுது, எழுதிக்கோ" என்று சொல்லிக்கொண்டே அக்கா இறங்கினார்.

ஐந்தாம் நாள் மனைவி கடலைப் பற்றிக் கேட்கவே இல்லை. பிரசுரம் கைப்பைக்குள் போய்விட்டது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே தட்டு, டம்ளர், துண்டு எல்லாவற்றையும் காகிதம் சுற்றிப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார்.

"இப்பவே எதுக்கு?" என்றார் ரசமட்டம்.

"நாளைக்குச் சாயங்காலம் வண்டியக் குடுக்கணும். மறுநா காலையில ஆறு மணிக்கு எனக்கு ஷிப்ட்." குரலில் கோபம் இல்லை. துவைத்த துணியை மடித்து வைப்பது மாதிரி சொன்னார்.

மனைவிக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று நினைத்தார் ரசமட்டம். அக்கா அப்படி நினைக்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் இருந்தவருக்கு, இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப்போனது தெரிந்தும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பவர் முகம் எப்படி இருக்கும் என்று தெரியும்.

ஆறாம் நாள் காலை. தூறல். சின்னப் படகுத்துறை ஒன்றுக்கு வந்தார்கள். ஒரு பக்கம் ஐஸ் ஃபேக்டரிச் சுவர். அதை ஒட்டி மீன் ஏலம் விடும் சிமெண்ட் தரை, பலகைபோல் சமம். இன்னொரு பக்கம் படகை இழுத்து ஏற்றும் சரிவு, நேரே கடலுக்கு. ரசமட்டத்தின் கண் எங்கே போயிருக்கும் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

"அருமையான இடம். ரிவர்ஸ் எடுத்துச் சுவரோரமா போட்டுடறேன். அக்கா, கொஞ்சம் எறங்கிப் பாத்துச் சொல்லு."

பின்கண்ணாடியைப் பெட்டிகள் மறைத்திருந்தன. பக்கக் கண்ணாடிகளில் மழைத்துளி. ஆனால் அக்கா பின்னால் நிற்கும்போது அவருக்குக் கண்ணாடி எதற்கு? சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அந்தக் குரலை நம்பியே பின்னால் போனவர். அக்கா இறங்கினார். தரையைப் பார்த்தார். சரிவைப் பார்த்தார். அலை எதுவரை ஏறுகிறது என்று நின்று பார்த்தார். வண்டியின் விலாவில் இரண்டு தட்டு தட்டினார்.

"வரலாம். வரலாம். லெஃப்ட்ல ஒடி. இன்னும் ஒடி. நேராக்கு. வரலாம்."

"அக்கா, முன்பக்கம் தூக்கற மாதிரி இருக்கே?"

"உனக்கு எப்பவும் அப்படித்தான் இருக்கும். வரலாம்."

"தண்ணி சாயுதுக்கா."

"எனக்கு இங்க எல்லாம் நேராத்தான் தெரியுது. வரலாம், வரலாம்."

டம்ளர் டேஷ்போர்டிலிருந்து வழுக்கி, தண்ணீர் முழுவதும் அவர் மடியில் கொட்டியது.

"ஹோல்டான்" என்றார் அக்கா. ஐந்து நாளாக மட்டம் பார்க்கவே உழைத்த ஆப்புக்கட்டைகளை எடுத்துப் பின்சக்கரங்களுக்கு அடியில் உதைத்துச் செருகினார். ஆப்புக்கட்டைகள் பிறவிப்பயன் அடைந்தன.

ரசமட்டம் நனைந்த பேண்ட்டோடு இறங்கிப் பின்னால் வந்தபோது பின்கதவு ஏற்கெனவே மேலே போயிருந்தது. மனைவி பெட்டிகளை ஓரம் தள்ளிவிட்டுக் காலைத் தொங்கப் போட்டிருந்தார். பத்தடியில் அலை. சுருட்டி வைத்த போர்வை ஒன்று வண்டிக்குள்ளிருந்து தானாக உருண்டு வந்து அவர் முதுகில் சாய்ந்துகொண்டது. ஃபிளாஸ்க்கில் டீ இருந்தது. டம்ளர்கள் எல்லாம் பெட்டிக்குள். கோடு போட்ட டம்ளர் ஒன்றுதான் வெளியே இருந்தது. அக்கா அதை எடுத்து வந்து, ஒரு தடவை உதறிவிட்டுக் கொடுத்தார்.

"அக்கா, என்னக்கா பண்ணிட்ட? வண்டி பூரா சாஞ்சு கிடக்கு. ஃபிரிட்ஜ் நின்னுரும்."

"உள்ள என்னடா இருக்கு?"

யோசித்துப் பார்த்தார். ஒரு எலுமிச்சம்பழம்.

"அது தாங்கிக்கும்" என்றார் அக்கா.

மனைவி டீயை ஊற்றிக்கொண்டு, ஒரு வாய்கூடக் குடிக்காமல், டம்ளரைப் பக்கத்தில் சாய்ந்த தரையிலேயே வைத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கதோஷம், ரசமட்டத்தின் பார்வை டம்ளருக்குப் போனது. கோடு ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கிக் கோணலாக இருந்தது. டீ கோணலாக இல்லை. தூரத்தில் கடலும் வானமும் சேருகிற இடத்தில் ஒரு கோடு இருந்ததே, அதோடு இழைத்து வைத்ததுபோல் நேராக நின்றது. ஐந்து நாள் பலகையோடு புரண்ட மனிதர் குனிந்து, ஒரு கண்ணை மூடி, கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"ஏங்க, குனிஞ்சது போதும். உக்காருங்க" என்று மனைவி போர்வையைத் தள்ளி இடம் கொடுத்தார். உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் சறுக்கினார். மனைவி சட்டையைப் பிடித்து நிறுத்தினார். பிடித்த கையை எடுக்கவில்லை. மூன்று பேரும் ஒரே டம்ளரில் மாற்றி மாற்றி டீ குடித்தார்கள். பத்தொன்பது வருஷக் கீழ்த்தளத்துக்கு ஐம்பது நிமிஷக் கடல். கணக்கு நியாயம் இல்லைதான். ஆனாலும் கைக்கு வந்தது.

இத்தோடு திருந்திவிட்டார் என்று முடித்தால் நீங்கள் என்னை நம்பக்கூடாது. கடைசி வாய் டீ இருக்கும்போது ரசமட்டம் தொண்டையைச் செருமினார்.

"நல்ல இடம்தான். ஆனா அந்தப் படகு மறைக்குது பாரு. ரெண்டடி இடது பக்கம் தள்ளிப் போட்டிருந்தா..."

அக்கா அந்தக் கடைசி வாயைப் பிடுங்கிக் குடித்துவிட்டார்.

சிரித்தீர்களா? நல்லது. இதைப் படிக்க உட்காரும் முன் ஃபேனை ஒன்று கூட்டி, ஒன்று குறைத்து, தலையணையை நிமிர்த்தி, வெளிச்சம் தோதாக வரும்படி நாற்காலியை இரண்டு தடவை இழுத்துப் போட்டீர்களே, அதை நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை. உள்ளே யாரோ உங்களுக்கென்று டீ வைத்துவிட்டுப் போய்க் கால் மணி நேரம் ஆகிறது. ஆடை கட்டிவிட்டது. எழுந்து போய்க் குடியுங்கள். நாற்காலி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.