துரை சொன்னதும் நான் சொன்னதும்

மொழிபெயர்ப்பவனுக்குக் கோபம் வரக்கூடாது. எனக்கு வந்தது. அதுவும் எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஹாஜியார் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள். ரங்கூன் மொகல் தெருவில் ஒரு கைலிக் கடைக்கு மேலே எங்கள் தமிழ் முஸ்லிம் வாசகசாலை இருந்தது. நான் அதன் காரியதரிசி. (சம்பளம் கிடையாது, மிடுக்கு உண்டு.) ஒரு ஞாயிறு மதியம், அரபுத் தத்துவத்தைப் பற்றிப் பேச ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியரை அழைத்துவந்தேன். அவர் இங்கிலீஷில் பேசுவார். நான் தமிழில் சொல்ல வேண்டும். ஹாஜியார் வீட்டுப் பெண்கள் திரைக்குப் பின்னால் இருந்தார்கள். "தம்பி எப்படிப் பேசுறாருன்னு பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்று ஹாஜியார் தரகரிடம் சொல்லியிருந்தார்.

துரை வாயைத் திறக்கும் முன்பே நான் கடுப்பில் இருந்தேன். என் பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தில் கிரேக்கர்கள் முடிந்த அடுத்த பக்கமே ஐரோப்பா விழித்துக்கொள்ளும். நடுவில் அத்தனை நூற்றாண்டு விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் யார்? அந்த அரபு அறிஞர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது!

துரை நல்ல மனிதர். கார்டோபா நகரத்து முஸ்லிம் நீதிபதி ஒருவர் கிரேக்க ஞானியின் நூல்களுக்கு அரபியில் உரை எழுதினார் என்றார். "எங்கள் பாதிரிகள் அதை லத்தீனில் படித்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் அவரோடு சண்டை போட்டார்கள். ஆனாலும் பெயர் சொல்லாமல், 'உரையாசிரியர்' என்றே மரியாதையாகக் குறிப்பிட்டார்கள். சிலவற்றின் அரபு மூலம் தொலைந்துவிட்டது, லத்தீனில்தான் மிஞ்சியிருக்கிறது."

நான் சபையைப் பார்த்து முழங்கினேன். "உங்கள் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு போனோம்! எழுதியவர் பெயரை மறைத்தோம்! மூலத்தையும் தொலைத்தோம்! என்கிறார் துரை."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அது தமக்குத்தான் என்று நினைத்த துரை, நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். "குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்" என்று அதையும் மொழிபெயர்த்தேன். (அதைச் சொல்லச் சொல்லி யாராவது கேட்டார்களா?)

ஹாஜியார் எழுந்துவிட்டார். "இவ்வளவு தூரம் வந்து ஒத்துக்கிட்டாரே, பெரிய மனுசன்! எப்பத் திருப்பிக் குடுப்பாருன்னு கேளுங்க தம்பி."

எனக்கு இங்கிலீஷ் மறந்துபோனது. ஹாஜியார் என்னைப் பார்த்தார், துரை என்னைப் பார்த்தார். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்த ஹாஜியார் மகள், நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட அதே பெண்.

"வாப்பா, தூக்கிட்டுப் போனோம்னு அவர் சொல்லவே இல்ல. மரியாதையாப் படிச்சோம்னுதான் சொன்னார். மத்ததெல்லாம் இவங்களோட உரை."

சபை சிரித்த சிரிப்பில் கீழே இருந்த கடைக்காரரே மேலே ஓடிவந்தார். "என்ன விஷயம்?" என்று துரை என்னிடம் கேட்டார். அதையும் நானே இங்கிலீஷில் சொல்லித் தொலைத்தேன். அன்றைக்கு நான் பிழையில்லாமல் மொழிபெயர்த்தது அது ஒன்றுதான்.

மூன்று மாதம் ஹாஜியார் முகங்கொடுக்கவில்லை. பிறகு மகளே சொன்னாளாம்: "அவங்க கோவம் நியாயமானதுதான் வாப்பா. பக்கத்துல இருந்து திருத்த ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்."

திருத்துகிறாள், முப்பது வருஷமாக. அந்தச் சரித்திரப் புத்தகத்தை மட்டும் இன்னும் யாரும் திருத்தவில்லை. அதற்காக ஊரில் ஒருவருக்கும் கோபமில்லை! புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மற்ற வீட்டுப் பெண்கள் 'அவங்க' என்பார்கள். என் வீட்டு வாசலில் யாராவது வந்து என்னைக் கேட்டால், உள்ளேயிருந்து பதில் வரும்:

"உரையாசிரியர் கடைக்குப் போயிருக்காங்க."