கைவிடாத தலைவர்

சைக்கிளைக் கண்டுபிடித்தவனுக்கு உலகம் ஒருமுறை நன்றி சொன்னால் போதும். அதில் ஒருநாளும் ஏறாமலேயே அதன் சங்கத்தைத் தலையில் தூக்கிச் சுமப்பவருக்கு நாள்தோறும் சொல்ல வேண்டும். தேசிய மலைச் சைக்கிள் பந்தயச் சங்கத்தின் தலைவர் அப்படிப்பட்ட தியாகி. அதற்கு முன் நீச்சல் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். அடிக்கடி ஜலதோஷம் பிடித்ததால் நீரைத் துறந்து மலை ஏறினார். மலை என்றால் மாடி. சங்க அலுவலகம் ஒரு டயர்க் கடைக்கு மேலே இருந்தது. லிஃப்ட் பழுதான நாள்களில் "தவிர்க்க முடியாத காரணங்களால்" கூட்டம் ஒத்திவைக்கப்படும்.

அலுவலகச் சுவர் முழுக்கத் தலைவரின் படங்கள். கோப்பை கொடுக்கிறார், கேடயம் கொடுக்கிறார், ஒரு படத்தில் யாருக்கோ குடை கொடுக்கிறார். எல்லாப் படத்திலும் பொருளின் ஒரு பக்கத்தை வாங்குகிறவர் பிடித்திருப்பார், மறுபக்கத்தைத் தலைவர் பிடித்திருப்பார். படம் எடுத்து முடியும்வரை பிடியைத் தளர்த்துவதில்லை என்பது அவருடைய கொள்கை.

"விட்டுட்டா அப்புறம் யாரு குடுத்தாங்கன்னு எப்படித் தெரியும்?" என்பார்.

செயலாளர் இதைத் தத்துவம் என்று குறித்துக்கொள்வார்.

அந்த ஆண்டு உலகப் போட்டிக்கு நாட்டின் சார்பில் ஒரே ஒரு பெண் தேர்வானாள். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றுக்குச் சைக்கிளில் மாதிரிகள் கொண்டுபோய்க் கொடுப்பவள். முழங்கால் இரண்டும் சிராய்ப்பு ஆறாமலே இருக்கும் என்பதால் வீட்டில் "முட்டி" என்று பெயர். அவளை வழிநடத்த ஒரு குழு, குழுவை மேற்பார்வையிட ஒரு துணைக்குழு, துணைக்குழுவின் மனைவிமார் என்று விமானத்தில் முன்வரிசைகள் நிறைந்தன. முட்டிக்குக் கழிவறைக்குப் பக்கத்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. "பொண்ணு வேடிக்கை பாத்துட்டு வரட்டும்" என்று தலைவரே பெருந்தன்மையோடு ஒதுக்கிய இடம் அது.

அதற்கு முன் நடந்த ஆலோசனைக் கூட்டத்துக்கு முட்டி தன் அக்காவோடு வந்திருந்தாள். அக்கா வங்கியில் காசாளர். நீட்டுவதும் உடனே கையை எடுப்பதும் அவள் தொழில்.

"ஐயா, தண்ணி குடுக்கிற இடத்துக்கு ரெண்டே பேருக்குத்தான் பாஸ்" என்று அக்கா ஆரம்பித்தாள். "அதுல ஒண்ணு எனக்கு வேணும்."

"எதுக்கும்மா?" என்றார் தலைவர்.

"இவ வேகமா வருவா. நிக்க மாட்டா. நான் பாட்டிலை நீட்டணும், அவ பறிச்சுக்கிட்டுப் போகணும். எங்க அடுக்குமாடி வண்டி நிறுத்தத்துல மாசக்கணக்கா பழகியிருக்கோம். காவலாளி எங்களுக்குப் பைத்தியம்னே முடிவு பண்ணிட்டாரு."

"ஒரு பாட்டில் தண்ணி குடுக்கிறதுக்குப் பயிற்சியா?" தலைவர் சிரித்தார். குழு சிரித்தது. துணைக்குழுவும் தனியாகச் சிரித்தது. "நான் எத்தனை கேடயம் குடுத்திருக்கேன் தெரியுமா? ஒண்ணாவது கீழ விழுந்திருக்கா?"

"கேடயம் வாங்குறவங்க நடந்துல்ல வருவாங்க, ஐயா."

செயலாளர் இருமினார். பாஸ் ஒன்று தலைவருக்கும், மற்றொன்று சங்கத்தின் புகைப்படக்காரருக்கும் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

முட்டி மெல்லச் சொன்னாள். "சார், எனக்கு ஜெயிக்கணும்னு ஆசை இல்ல. முடிச்சா போதும். ஒரு உலகப் போட்டியை முழுசா முடிச்சுக் காட்டு, எங்க அணியில சேத்துக்கறோம்னு வெளிநாட்டுக்காரங்க சொல்லியிருக்காங்க. சைக்கிள், சம்பளம், பயிற்சி எல்லாம் அவங்களே தருவாங்க."

"முடிக்கிறதுல என்னம்மா கஷ்டம்? ஆரம்பிச்சா தானா முடியும்."

"இல்ல சார், எண்பது சதவீதம்னு ஒண்ணு இருக்கு."

"எண்பது சதவீதமா?" தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் ஆள் ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரத்தில் எண்பது சதவீத அளவு அவரைவிடப் பின்தங்கினால் நடுவர்கள் ஓரமாக இறக்கிவிடுவார்கள், பந்தயம் அதோடு சரி என்று முட்டி விளக்கத் தொடங்கினாள். தலைவர் அதற்குள் தன் பள்ளிக்கூட நினைவுகளில் இறங்கிவிட்டார். "நாங்கல்லாம் முப்பத்தஞ்சு எடுக்கவே முட்டி தேஞ்சவங்க. எண்பது வாங்கிட்டு வாம்மா, பாராட்டு விழாவே நடத்திடலாம்."

போட்டி நாள். காட்டு மலையை வெட்டிப் பாதை போட்டிருந்தார்கள். எங்கும் வேர், பாறை, செங்குத்தான இறக்கம். அந்தப் பாதையைத் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். தலைவர் அதைக் கூடாரத்துத் தொலைக்காட்சியில் பார்த்தார், குளிர்பானத்தோடு. உயரத்தைப் பார்த்தபோது அவருக்கே மூச்சு வாங்கியது. இத்தனை சிரமமான விளையாட்டை நடத்துவதற்கு எவ்வளவு மனவலிமை வேண்டும் என்று தன்னை நினைத்தே கண் கலங்கினார்.

தண்ணீர் கொடுக்கும் இடத்தில் மற்ற நாட்டுக்காரர்கள் பாட்டிலோடு வரிசையாக நின்றார்கள். முட்டியின் நாட்டுக்குரிய இடம் காலியாக இருந்தது. சொந்தக் காசில் வந்து கயிற்றுக்கு வெளியே நின்ற அக்கா தொண்டை கிழியக் கத்தினாள். முட்டி ஒவ்வொரு சுற்றும் கையை நீட்டிக்கொண்டு வந்தாள், காற்றைப் பிடித்துக்கொண்டு போனாள். சைக்கிளில் கட்டியிருந்த பாட்டில் எப்போதோ தீர்ந்திருந்தது. ஆனாலும் இருவரை முந்தியிருந்தாள். நடுவரின் எல்லைக்குள் பத்திரமாக இருந்தாள்.

அக்கா கூடாரத்துக்கு ஓடினாள். "ஐயா, இன்னும் ரெண்டே சுத்து. தண்ணி இல்லாம நாக்கு வெளிய தள்ளுது. வாங்க, இல்லேன்னா பாஸைக் கழட்டிக் குடுங்க."

தலைவர் புகைப்படக்காரரைப் பார்த்தார். புகைப்படக்காரர் வானத்தைப் பார்த்தார். "இப்பப் போகலாங்க ஐயா. இவ்வளவு நேரம் வெளிச்சம் சரியில்ல."

தலைவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கயிற்றுக்குள் நுழைந்தார். பாட்டிலைச் சுற்றி அவருடைய படம் ஒட்டியிருந்தது. சிரித்த முகம்.

"ரெண்டு விரல்ல லேசாப் பிடிங்க, ஐயா" என்று அக்கா கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து கெஞ்சினாள். "அவ தொட்டதும் விட்டுடுங்க. அவ்வளவுதான் வேலை."

"எனக்கே குடுக்கக் கத்துக்குடுக்கிறியா?" என்றார் தலைவர் கனிவோடு, பாட்டிலை முழுக்கையாலும் பற்றிக்கொண்டு.

மேட்டைத் தாண்டி முட்டி வந்தாள். உதடு வெளுத்திருந்தது. கண் பாட்டிலிலேயே இருந்தது. வண்டி நிறுத்தத்தில் பழகியபடியே கையை நீட்டினாள், பிடித்தாள், இழுத்தாள்.

"ஐயா, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க" என்றார் புகைப்படக்காரர்.

தலைவர் இந்தப் பக்கம் பார்த்தார். கொள்கை காப்பாற்றப்பட்டது. சைக்கிள் முன்னால் போனது, பாட்டில் தலைவரிடம் நின்றது, நடுவில் இருந்த முட்டி பூமிக்கு வந்தாள். முன்சக்கரம் கயிற்றில் சிக்கியது, கைப்பிடி பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. இழுத்த வேகத்தில் தலைவரும் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த நிலையிலும் பாட்டிலை விடவில்லை.

"விடுங்க, ஐயா" என்றாள் அக்கா. "விடுங்கன்னா விடுங்க."

தலைவர் புகைப்படக்காரரிடம் திரும்பினார். "விழுந்துச்சா?"

"அருமையா விழுந்துச்சுங்க ஐயா. ரெண்டு பேர் முகமும் தெளிவா விழுந்திருக்கு."

முட்டி கயிற்றிலிருந்து சக்கரத்தை எடுத்தாள். கைப்பிடியைத் தொடைக்கு நடுவில் இடுக்கி நேராக்கினாள். முழங்கையிலிருந்து ரத்தம் வழிந்தது. ஏறினாள். அவள் முந்திய இருவரும் போய்விட்டிருந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் போய்விட்டிருந்தார்கள். அந்தச் சுற்றின் கடைசியில், இன்னும் ஒரே ஒரு சுற்று பாக்கி இருக்கும்போது, ஒரு நடுவர் அவள் முன்னால் கையை நீட்டித் தடுத்தார். மிகவும் மரியாதையாக, "எண்பது சதவீதம்" என்றார்.

முட்டி சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்தாள். அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து தன் கைப்பையிலிருந்த தண்ணீரைக் கொடுத்தாள். கொடுத்ததும் கையை எடுத்தாள்.

"தொட்டேன்கா. கையில வந்துடுச்சு" என்றாள் முட்டி.

"பாத்தேன்டி."

செய்தி தலைவருக்கு எட்டியபோது அவர் கோட்டில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டிருந்தார். "எண்பதா?" என்றார். செயலாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நான் அன்னிக்கே சொல்லல?"

செயலாளருக்கு விதி தெரியும். ஆனால் தலைவரின் மகிழ்ச்சியில் குறுக்கிடுவது அவருடைய பணி விதிகளில் இல்லை.

மறுநாள் படம் நாளிதழ்களில் வந்தது. கீழே செயலாளர் எழுதி அனுப்பிய வரி: "களத்தில் வீராங்கனை விழுந்தபோதும் கைவிடாத தலைவர்." அதே நாளில் வெளிநாட்டு அணியிடமிருந்து முட்டிக்கும் ஒரு வரி வந்தது. முடிக்காதவர்களைச் சேர்ப்பதில்லை, வருந்துகிறோம்.

பாராட்டு விழா சொன்னபடி நடந்தது. வாடகை மண்டபம், நிரம்பிய நாற்காலிகள், மேடை அகலத்துக்குப் பதாகை: "உலக அரங்கில் எண்பது சதவீதம் பெற்ற சாதனைச் செல்வி." அதில் முட்டியின் முகம் தபால்தலை அளவில் இருந்தது. மீதியில் தலைவர் இருந்தார். பேசியவர்கள் எல்லாரும் தொண்ணூறு விரைவில் வரும் என்று நம்பிக்கை தெரிவித்தார்கள். ஒருவர் மட்டும் உணர்ச்சிவசப்பட்டு நூற்றிருபது என்றார்.

முட்டி முழங்கைக் கட்டோடு மேடையேறினாள். தலைவர் கேடயத்தை நீட்டினார். அவள் ஒரு பக்கம் பிடித்தாள். மறுபக்கம் அவர் கை அப்படியே இருந்தது. முகம் புகைப்படக்காரரை நோக்கித் தானாகத் திரும்பியது.

"ரெண்டு வார்த்தை பேசும்மா" என்று செயலாளர் ஒலிவாங்கியை அவள் வாய்க்குக் கொண்டுபோனார்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றாள் முட்டி. "பேப்பர்ல போட்டது உண்மைதான். நம்ம தலைவர் கடைசி வரைக்கும் கைவிடவே இல்ல."

மண்டபம் அதிர்ந்தது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொள்ள நினைத்தார். ஆனால் ஒரு கை கேடயத்திலும் மறு கை வணக்கத்திலும் இருந்தது. முன்வரிசையில் அக்கா மட்டும் கை தட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

கைதட்டல் ஓயும்வரை முட்டி காத்திருந்தாள்.

"விட்டிருந்தா நான் பந்தயத்தை முடிச்சிருப்பேன்."

யாருக்கும் எங்கே கை தட்டுவது என்று தெரியவில்லை. முட்டி கேடயத்தைத் தன் பக்கம் இழுத்தாள். அது வரவில்லை. ஒலிவாங்கி இன்னும் அவள் வாயருகிலேயே இருந்தது.

"இதையாவது விடுங்க, சார்."